ஜெபத்தில் திட்டுகிற மகனுக்கு

ஜோயல்,

'கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு' என்று ஆரம்பிப்பதுதான் நம் வீட்டு வழக்கம். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, இருக்கிறது. ஆனால் அதை முதல் வரியில் வைத்தால் நீ அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு, அப்பா நம்ம பக்கம்தான் என்று நிம்மதியாகிவிடுவாய். நான் உன் பக்கம் இல்லை. கோபமாக இருக்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று தெரிந்துதான் பேப்பரை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். புதன்கிழமை நீ கூப்பிட்டபோது பாதியில் கட்டானதே, அது சிக்னல் இல்லாததால் அல்ல. நான்தான் வைத்தேன்.

உன் மகளைச் சபையில் பிரதிஷ்டை பண்ணின அன்று உங்கள் பாஸ்டர் என்னையும் சபையின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். நீ அதை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நான் அதில் எதுவும் எழுதுவதில்லை. காலையில் காபி குடிக்கும்போது யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பிள்ளைக்குப் பரீட்சை என்று பார்த்து, ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு மூடிவிடுவேன். செவ்வாய்க்கிழமை காலையில் அப்படிப் பார்த்தபோது உன் பெயரில் ஒரு ஜெபக் குறிப்பு வந்திருந்தது. "என் மனைவி எஸ்தருக்குப் பொறுமையும் கீழ்ப்படிதலும் உண்டாகவும், அவளுடைய கோப சுபாவம் மாறவும், குடும்ப ஜெபத்தில் அவள் மறுபடியும் உட்காரவும் பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள்." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போடும் கைகள். ஆமென், ஆமென், ஆமென். ஒரு அம்மா, 'கர்த்தர் அந்தச் சகோதரியின் இருதயத்தை உடைப்பார் பிரதர்' என்று எழுதியிருந்தார். உடைப்பதற்கு மிச்சம் ஏதாவது வைத்திருக்கிறாயா என்று அந்த அம்மா உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் குழுவில் எஸ்தரும் இருக்கிறாள். அவள் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்தில் உங்கள் சபையைச் சேர்ந்த இரண்டு டீச்சர்கள் இருக்கிறார்கள். அன்று மத்தியானம் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருக்கும்போது அதில் ஒருத்தர், "என்ன எஸ்தர், வீட்ல ரொம்பக் கோவப்படுறியாமே? நாங்கல்லாம் ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கோம், கவலப்படாத" என்று சொல்லியிருக்கிறார். பாவம், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எஸ்தர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, மத்தியான வகுப்புகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிங்காரப்பேட்டைக்குத் தன் அம்மா வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டாள். நீ மறுநாள் என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறாய்: "அப்பா, நீங்க ஒருவாட்டி பேசுங்கப்பா. நீங்க சொன்னா கேப்பா. அவ ஆவிக்குரிய ஜீவியத்துல பின்வாங்கிட்டாப்பா." அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் போனை வைத்தேன்.

பின்வாங்கியது யார் என்று பார்ப்போமா? வியாழக்கிழமை நானும் உன் அம்மாவும் சிங்காரப்பேட்டைக்குப் போனோம். நீ கேட்டபடி அவளிடம் எடுத்துச் சொல்வதற்காகப் போகவில்லை. அவள் பேசட்டும், நாம் வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்று கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலேயே உன் அம்மா எனக்குக் கட்டளை போட்டுவிட்டாள். எஸ்தர் அழவில்லை. காபி கொடுத்தாள். சம்பந்தி அம்மா உள்ளே போனதும் எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்து, ஏதோ பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"மூணு மாசமா இப்படித்தான் மாமா. கம்பெனில ஏதோ பிரச்சனன்னு தெரியுது. ஆனா சொல்ல மாட்டாரு. வருவாரு, ஷூவக் கழட்டுவாரு, போனப் பாப்பாரு. என்னன்னு கேட்டா ஒன்னுமில்லன்னு சொல்வாரு. அப்புறம் ஜெபத்துக்கு ஒக்காருவோம். கண்ண மூடுன ஒடனே ஆரம்பிச்சிடுவாரு. 'கர்த்தாவே, எங்க வீட்ல ஒழுங்கின்மைய மாத்தும், கணவனோட பாரத்த ஒணர்ற மனசக் கொடும்'னு. சோத்துல உப்பு கம்மின்னா அது கூட ஜெபத்துல வரும் மாமா. நானும் எத்தன நாளு பொறுத்துக்கினு இருப்பேன்? ஒருநாள் சொல்லிட்டேன். 'திட்டறதுன்னா நேரா என் மூஞ்சியப் பாத்துத் திட்டுங்க. சாமிகிட்ட கோள் மூட்டாதீங்க. இனிமே நான் ஜெபத்துக்கு ஒக்கார மாட்டேன்.' அதுக்குத்தான் இத குரூப்ல போட்டிருக்காரு."

அவள் சொல்லி முடித்தபோது உன் அம்மா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பலகாரத் தட்டை முன்னால் வைத்தார்கள். பழக்கதோஷத்தில் நான் கண்ணை மூடிக் கையைக் கூப்பினேன். மூடுவதற்கு முந்தின நொடியில் உன் மகள் சட்டென்று தன் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். நாலு வயதுக் குழந்தை, ஜெபம் என்றதும் அம்மா முகத்தைப் பார்க்கிறது. நீ கிறிஸ்தவக் குடும்பம் நடத்துகிற லட்சணம் இது. 

இப்போது கேள். இந்தப் பழக்கத்தை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள். நம் சபைகளில் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்கிற ஆண்கள் அத்தனை பேரும் படிக்கட்டும். என் மானம் போனால் போகட்டும்.

நான் ஓசூரில் லைன் இன்சார்ஜ் ஆனது நீ பிறப்பதற்கு முந்தின வருடம். லாரிக்கு வேண்டிய இரும்புத் தகடுகளை அடித்து எடுக்கிற பிரஸ் ஷாப். அதுவரைக்கும் என் மெஷின் உண்டு, நான் உண்டு என்று இருந்தவன். அதற்கப்புறம் ஓர் ஆள் வராவிட்டால் நான், தகடு அடிக்கிற அச்சு, டை, உடைந்தால் நான், வாங்குகிற கம்பெனி பத்து பீஸைத் திருப்பி அனுப்பினால் நான். மேலே இருக்கிறவரிடம் 'எஸ் சார்'. கீழே இருக்கிறவர்களிடம் கத்தினால் யூனியன் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் டீக்கன் என்ற பொறுப்பு, முகமெல்லாம் சிரிப்பாக வாசலில் நின்று கை குலுக்க வேண்டும். இத்தனை இடத்திலும் விழுங்கி விழுங்கி, வயிற்றில் இருந்ததையெல்லாம் கொட்ட ஓர் இடம் வேண்டாமா? மிச்சம் இருந்தது உன் அம்மா.

ஆனால் வீட்டில் கத்துகிற ஆள் என்று பெயரெடுக்கவும் எனக்கு இஷ்டமில்லை. அந்த லைன் வீட்டில் பக்கத்து வீட்டில் தும்மினால் கேட்கும். ஒரு பக்கம் தெலுங்குக்காரர், மறு பக்கம் தஞ்சாவூர்க்காரர். அல்லேலூயாக்காரன் பெண்டாட்டியைத் திட்டுகிறான் என்று பேச்சு வந்தால் சாட்சி கெட்டுவிடும். என் புத்தி ஒரு வழி கண்டுபிடித்தது. சாயங்காலம் ஏழு மணிக்குப் பாயை விரித்து, ஒரு பாட்டுப் பாடி, ஓர் அதிகாரம் வாசித்து, கண்ணை மூடுவோம். "கர்த்தாவே, நேரத்தின் அருமையை உணருகிற இருதயத்தை எங்களுக்குத் தாரும்" என்பேன். காலையில் டிபன் பாக்ஸ் கட்ட ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். "சோம்பலின் ஆவியை எங்கள் வீட்டை விட்டு அகற்றும்" என்பேன். யூனிபார்ம் சட்டை இஸ்திரி போடவில்லை என்று அர்த்தம். "நாவைக் காக்கிற கிருபையைத் தாரும்" என்றால், அவள் அஞ்செட்டியில் இருக்கிற தன் அண்ணனிடம் போனில் என்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றிலும் 'எங்களுக்கு' என்றுதான் சொல்வேன், கவனி. அவ்வளவு தாழ்மையானவன் நான்!

ஜெபத்தின் நடுவே யாரும் குறுக்கே பேச முடியாது. 'நீங்கதான அரிசி மூட்டைய நகத்தி வெச்சிட்டுப் போனீங்க, அதான் நேரமாச்சு' என்று அவள் சொல்ல முடியாது. முக்காடு போட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நான் எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நான் முடித்ததும் அவள் ஆமென் சொல்ல வேண்டும். தன்னைத் திட்டினதற்குத் தானே ஆமென். வாசலில் நின்று கெட்ட வார்த்தையில் திட்டுகிற குடிகாரனுக்குக் கூட இந்தக் கொடுமை தோன்றாது ஜோயல். அவன் பெண்டாட்டி எதிர்த்து நாலு வார்த்தை கேட்கவாவது முடியும். நான் கர்த்தரைப் பிடித்து அவள் வாய்க்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தேன். அது பாவம் என்று எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. ஜெபித்து முடித்ததும் மனசு லேசாகிவிடும். ஜெபத்தின் வல்லமை என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்து உன் கதைக்கு வருகிறேன். உனக்குப் பத்து வயது. அந்த வருடம் எனக்குப் பின்னால் நீயும் ஜெபிக்க ஆரம்பித்திருந்தாய். ஒருநாள் சாயங்காலம், நான் வழக்கம் போல் அவளைக் கர்த்தரிடம் ஒப்புவித்து முடித்த பிறகு, நீ கையை இறுக்கிக் கூப்பிக்கொண்டு சொன்னாய்: "ஏசப்பா, எங்கம்மா எங்கப்பாவுக்கு எரிச்சல் வர மாதிரி எதுவும் செய்யாம இருக்கணும். எங்கம்மாவ நல்ல அம்மாவா மாத்துங்க." நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். பிள்ளை எவ்வளவு அழகாக, தன் வார்த்தையில் ஜெபிக்கிறான் என்று நெஞ்சு நிறைந்து சத்தமாக ஆமென் சொன்னேன். கண்ணைத் திறந்து உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். என் ஆயுசில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அந்தத் தலையைத் தடவினது.

உன் அம்மா ஆமென் சொல்லவில்லை. முக்காட்டை எடுத்துவிட்டு எழுந்தாள். அவள் அஞ்செட்டிப் பக்கம் கன்னடக்காரர்களுக்கு நடுவில் வளர்ந்தவள், மனசு நொந்துவிட்டால் கன்னடம்தான் வரும். "புள்ளையும் கத்துக்கிச்சு பாருங்க. இன்னும் என்னா வேணும் உங்களுக்கு? சாமி பேரச் சொல்லி என்னை அடிச்சது போதும். நனகெ பேடா" என்றாள். எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். என்ன வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜெபமா, நானா, இந்த வீடா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளிலிருந்து ஏழு மணியானால் அவள் சமையலறைக்குள் போய்விடுவாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவாள். பாயில் மட்டும் உட்கார மாட்டாள். நான் பாஸ்டரிடம் போய்ச் சொல்லலாமா என்று இரண்டு முறை கிளம்பினேன். வெட்கத்தில் திரும்பி வந்துவிட்டேன். அந்த வெட்கம்கூட உனக்கு இல்லாமல் போய்விட்டதே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் காலத்தில் வாட்ஸ்அப் இல்லாதது என் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் நானும் போட்டிருப்பேனோ என்னவோ.

உனக்குப் பன்னிரண்டு வயதானதும் நீயும் வீட்டுப்பாடம் இருக்கிறது என்று பாயை விட்டு நழுவிவிட்டாய். நான் தனியாக உட்கார்ந்தேன். தனியாக உட்கார்ந்து பாரேன், தெரியும். கண்ணை மூடி, "கர்த்தாவே, இந்த வீட்டில் பணிவை" என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. கேட்கிறதற்கு அங்கே கர்த்தரைத் தவிர யாரும் இல்லை. அவரிடம் போய் அவளைப் பற்றிக் கோள் சொல்ல வாய் எழவில்லை. எரிச்சலை எடுத்துப் போடும் என்று நான் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன், அவர் எடுத்துப் போடவில்லை. முதலில் எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்டவர்களை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் உண்மையாக ஜெபிக்க ஆரம்பித்தேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்படி ஜெபம் பாதியில் நின்ற அன்று காலையில் கம்பெனியில் நடந்தது இது. மானேஜர் காலை மீட்டிங்கில், திரும்பி வந்த ஒரு கோணல் பீஸை என் கையில் கொடுத்து, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். புதிதாகச் சேர்ந்த டிரெய்னிப் பையன்கள் எல்லாரும் பார்க்க, மீட்டிங் முடிகிற வரைக்கும் நின்றேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நிற்க வைப்பார்களே, அந்த மாதிரி. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன் அம்மா என்னை என்னவென்று நினைப்பாள்? அதற்குப் பதிலாகத்தான் சட்டை, சோறு, உப்பு, நேரம் என்று அவளிடம் தேடிக்கொண்டே இருந்தேன். பாயில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னேன். "ஆண்டவரே, இன்னைக்கு என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சிட்டாங்க. அழுதுடுவேனோன்னு பயமா இருந்துச்சு." அவ்வளவுதான் ஜெபம். அதற்கு மேல் அழுகைதான் வந்தது, நீ வீட்டுப்பாட நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாய். சமையலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. உன் அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்று, "இத ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள். அதில் இரக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. இத்தனை நாள் அவள் வாங்கின அடியெல்லாம் யாருடைய அடி என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அன்றே அவள் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைக்காதே. பல மாதம் ஆனது. ஒரு நிபந்தனை போட்டாள், இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது நடக்கிறது. ஜெபத்துக்கு முன்னால், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். குறை இருந்தால் அங்கேயே சொல்லிச் சண்டை போட்டுக்கொள்ள வேண்டும். சில நாள் அந்தச் சண்டை முடியவே ஒன்பது மணியாகும். அதற்குப் பிறகு கண்ணை மூடினால், அவரவர் தன்னைப் பற்றி மட்டும்தான் கர்த்தரிடம் பேச வேண்டும். நான் மாறிவிட்டேன் என்று சாட்சி சொல்ல மாட்டேன். போன மாதம்கூட கேஸ் சிலிண்டர்க்காரனிடம் எரிந்து விழுந்தேன். ஆனால் எரிச்சல் வருகிறபோது, என்னை இன்றைக்கு எவன் நிற்க வைத்தான் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்ளப் பழகியிருக்கிறேன். கர்த்தர் எனக்குச் செய்தது இதுதான், இது போதும்.

உனக்குக் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஷிப்ட் இன்சார்ஜ் வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? மாதக் கடைசி டார்கெட், பண்டிகைக்கு ஊருக்குப் போன கான்ட்ராக்ட் ஆட்கள் திரும்பி வராதது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில் மானேஜரிடமிருந்து வருகிற மெசேஜ். எங்கள் காலத்தில் கேட்டைத் தாண்டினால் கம்பெனி பின்னாலேயே நின்றுவிடும். உனக்கு அது சட்டைப் பையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. உன்னை யார் எதற்கு நிற்க வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எஸ்தருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பெண் மூன்று மாதமாக என்னங்க, என்னங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீ அவளைக் கோபக்காரி என்று ஊருக்கு எழுதிப் போட்டாய்.

இன்னொன்று. உன் தப்பில் என் பங்கு இருக்கிறது என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் என்று பார்க்காதே. திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அம்மா சொன்னாள்: "அப்பன்கிட்டருந்து வந்ததுன்னு சொல்லி அவன உட்டுடாதீங்க. நான் எழுந்திரிச்சிப் போனதையும் அவன் பாத்தான் இல்ல? நீங்க அழுததையும் பாத்தான் இல்ல? அத மட்டும் ஏன் கத்துக்கல?" அவள் சொன்னது சரி. நீ பன்னிரண்டு வயதில் பார்த்ததை விட்டுவிட்டுப் பத்து வயதில் கேட்டதை எடுத்துக்கொண்டாய். எது சுலபமோ அதை எடுத்துக்கொண்டாய்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் குழுவில் போட்டதை அழித்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி இருந்துவிடாதே. எல்லாரும் படித்தாகிவிட்டது. அதே இடத்தில் எழுது: கோப சுபாவம் என் மனைவிக்கு இல்லை, எனக்குத்தான், அவளைப் பற்றி எழுதினது பொய், எனக்காக ஜெபியுங்கள். இவ்வளவு போதும். வசனம் சேர்க்காதே, விளக்கம் சேர்க்காதே. பிறகு லீவு போடு. டார்கெட் இருக்கிறது என்று சொல்வாய், இருக்கட்டும். சிங்காரப்பேட்டைக்குத் தனியாகப் போ. பாஸ்டரைக் கூட்டிப் போகாதே. என்னையும் கூப்பிடாதே, நான் வரமாட்டேன். அங்கே போனதும் 'ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டு ஆரம்பிக்கலாம்' என்று மட்டும் சொல்லிவிடாதே! கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார். கம்பெனியில் உனக்கு என்ன நடந்தது என்று சொல். அவள் கத்தினால் கேட்டுக்கொள். அவள் வரமாட்டேன் என்றால், அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் திரும்பி வா. மறுபடியும் போ.

இதுவரைக்கும் வெள்ளிக்கிழமை எழுதினேன். நீ அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி எழுதின மாதிரி நானும் செய்யக் கூடாது என்று, இன்று காலையில் போன் போட்டு முழுவதையும் எஸ்தருக்கு வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் அவள் அம்மாவைப் பற்றி எழுதியிருந்த ஒரு வரியை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். மற்றதெல்லாம் இருக்கட்டும் மாமா என்றாள். போனை வைக்கப் போனேன், தடுத்தாள்.

"மாமா, ஒன்னு கேக்கட்டுமா? அத்தை எந்திரிச்சிப் போனாங்களே, அதுக்கு முன்னாடி எத்தன வருஷம் அப்பிடி ஆமென் சொன்னாங்க?"

நான் இதுவரை அதைக் கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டிப் பார்த்தேன். "பதினோரு வருஷம்மா" என்றேன்.

"பொறுக்கறதுக்கு என்கிட்ட அத்தன வருஷம் இல்ல மாமா" என்றாள். பணிவாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை, நீ. உன்னிடம் இருந்தால் எடுத்துக்கொண்டு கிளம்பு.

அப்பா